உங்கள் காரும் ஒரு கம்ப்யூட்டர்தான்: அது எழுதி வைக்கும் மூன்று நோட்டுகள்

கம்ப்யூட்டர் பழகும்போது முதலில் தெரிந்துகொள்ளும் விஷயங்களில் ஒன்று, நாம் செய்யும் வேலைகளை அது உள்ளே எங்காவது எழுதி வைக்கிறது என்பது. பிரவுசரில் பார்த்த தளங்கள் ஹிஸ்டரியில் இருக்கும். அழித்த ஃபைல் ரீசைக்கிள் பின்னில் உட்கார்ந்திருக்கும். இது தெரியாமல் பழைய கம்ப்யூட்டரை விற்றவர்களின் போட்டோக்களும் கணக்குகளும் வாங்கியவர் கைக்குப் போய்விடும்.

வாசலில் நிற்கும் காரும் இதே வேலையைச் செய்கிறது. ஓட்டும் விதம், வண்டியின் கோளாறு, உங்கள் போனில் உள்ள நம்பர்கள் என்று பலவற்றையும் அது பதிந்து வைக்கிறது. இவற்றில் சிலவற்றைக் காரை விற்கும்முன் அழிக்க வேண்டும். சிலவற்றை விபத்து நடந்தால் அழியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எது எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தான் இது முடியும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

காருக்குள் ஒரு நெட்வொர்க்

திருப்பூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது சுலபம். நல்லூரிலோ காங்கயம் ரோட்டிலோ உள்ள ஒரு நிட்டிங் யூனிட்டுக்குள் போய்ப் பாருங்கள். நூல் அறுந்தால் மெஷின் தானாக நின்று விளக்கு எரியும். கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷின் என்றால் நூல் எந்த ஊசியில் அறுந்தது என்பதையும் திரையில் காட்டிவிடும். நூலைக் கவனிப்பது சென்சார். அது அனுப்பும் சிக்னலைப் படித்து மெஷினை நிறுத்துவது உள்ளே இருக்கும் கண்ட்ரோல் போர்டு.

காரிலும் இதே ஏற்பாடுதான். இன்ஜின் சூடு, சக்கரத்தின் வேகம், பிரேக் மிதி என ஒவ்வொன்றுக்கும் ஒரு சென்சார் உண்டு. அவை அனுப்பும் தகவலைப் படித்து முடிவெடுக்கும் சிறு கம்ப்யூட்டருக்கு இ.சி.யு. என்று பெயர். இன்ஜினுக்கு ஒன்று, ஏ.பி.எஸ். பிரேக்குக்கு ஒன்று, ஏர்பேக்குக்கு ஒன்று, திரைக்கு ஒன்று என்று ஒரே காரில் பல இ.சி.யு.க்கள் உள்ளன. அலுவலகக் கம்ப்யூட்டர்களைக் கேபிள் போட்டு இணைப்பதுபோல இவற்றையும் இணைக்கிறார்கள். இதற்கான கேன் பஸ் என்ற முறையை ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1986-ல் அறிமுகம் செய்தது.

டேஷ்போர்டு விளக்குகளும் பட்டன்களும்

கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் விண்டோஸ் வருவதற்கு முன் அது மெமரி, கீபோர்டு எல்லாவற்றையும் ஒருமுறை சோதிக்கும் அல்லவா? சாவியை ஆன் நிலைக்குத் திருப்பியதும் காரும் இப்படித்தான் சோதித்துக்கொள்கிறது. எல்லா விளக்குகளும் எரிந்து, சில விநாடிகளில் அணையும். இன்ஜின் விளக்கு போன்ற சில விளக்குகள் இன்ஜின் ஓடத் தொடங்கிய பிறகு அணையும். அணையாமல் நிற்கும் விளக்கு ஓர் எர்ரர் மெசேஜ். சிவப்பு என்றால் பத்திரமான இடத்தில் உடனே நிறுத்துங்கள். மஞ்சள் என்றால் விரைவில் வொர்க்‌ஷாப்பில் காட்டுங்கள். பச்சையும் நீலமும் வெறும் தகவல்கள்.

ஏர்பேக் விளக்கைத் தனியாகக் கவனியுங்கள். அது எரிந்துகொண்டே இருந்தால் விபத்தில் ஏர்பேக் விரியாமல் போகலாம். ஆன் செய்யும்போது எரியவே இல்லை என்றாலும் சந்தேகம்தான். பழைய கார் வாங்குபவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

2019 ஜூலை 1 முதல் தயாராகும் கார்களில் வேக எச்சரிக்கை, முன் சீட் பெல்ட் எச்சரிக்கை, பின்பக்க பார்க்கிங் சென்சார் ஆகியவை கட்டாயம். வேகம் 80 கிலோமீட்டரைத் தாண்டினால் விட்டுவிட்டு பீப் ஒலி வரும். 120-ஐத் தாண்டினால் தொடர்ந்து ஒலிக்கும். காங்கயம் ரோட்டு நெரிசலில் இதைக் கேட்க வாய்ப்பில்லை. அவிநாசிக்குப் போய் சேலம் – கொச்சி தேசிய நெடுஞ்சாலையில் ஏறியதும் கேட்டால், வண்டியில் கோளாறு என்று நினைக்க வேண்டாம்.

டயர் காற்றழுத்த எச்சரிக்கை உள்ள சில கார்களில் காற்று நிரப்பிய பிறகு மெனுவிலோ பட்டனிலோ ரீசெட் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் பழைய அளவையே சரியென்று நினைத்து ஒப்பிடும். எந்த பட்டன் என்பது காருக்குக் கார் மாறும். டேஷ்போர்டு பெட்டிக்குள் இருக்கும் கையேட்டை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

முதல் நோட்டு: கோளாறுப் பதிவு

ஸ்டீயரிங்குக்குக் கீழே, டிரைவர் முழங்கால் பக்கம் குனிந்து பார்த்தால் 16 பின்கள் கொண்ட ஒரு சாக்கெட் தெரியும். இதுதான் ஓ.பி.டி. போர்ட். கம்ப்யூட்டருக்கு யு.எஸ்.பி. போர்ட் எப்படியோ, காருக்கு இது அப்படி. அமெரிக்காவில் 1996 முதல் ஓ.பி.டி.-2 முறை எல்லாக் கார்களுக்கும் கட்டாயம். இந்தியாவில் பாரத் ஸ்டேஜ் 4 விதிகளின்படி 2010-ல் முதல் கட்டமும் 2013-ல் இரண்டாம் கட்டமும் வந்தன.

இதை நீங்களே படிக்கலாம். செய்முறை இதோ:

1. இ.எல்.எம்.327 வகை ப்ளூடூத் ஓ.பி.டி. அடாப்டர் ஒன்று வாங்குங்கள். ஐபோன் வைத்திருப்பவர்கள் அதற்கு ஒத்துப்போகும் அடாப்டரா என்று கேட்டு வாங்க வேண்டும்.
2. காரை நிறுத்தி, இன்ஜினை அணைத்த நிலையில் அடாப்டரைப் போர்ட்டில் செருகுங்கள்.
3. சாவியை ஆன் நிலைக்குத் திருப்புங்கள். இன்ஜினை ஸ்டார்ட் செய்ய வேண்டியதில்லை.
4. போனில் ப்ளூடூத்தை ஆன் செய்து அடாப்டருடன் இணையுங்கள். பாஸ்வேர்டு கேட்டால் பெரும்பாலும் 1234 அல்லது 0000 என்று இருக்கும்.
5. டார்க் போன்ற ஓர் ஓ.பி.டி. ஆப்பைத் திறந்து, ஃபால்ட் கோடுகளைப் படிக்கும்படி கட்டளை கொடுங்கள்.

பி0301 என்று ஒரு கோடு வருவதாக வைத்துக்கொள்வோம். முதலில் வரும் பி என்ற எழுத்து இன்ஜின், கியர் பகுதியைக் குறிக்கும். அடுத்துள்ள 0, எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான கோடு என்பதைச் சொல்கிறது. 3 என்பது பற்றவைப்புக் கோளாறு. கடைசியில் உள்ள 01 முதல் சிலிண்டர். அதாவது முதல் சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியவில்லை. காரணம் ஸ்பார்க் பிளக்கா, காயிலா, இன்ஜெக்டரா என்பதை மெக்கானிக்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். எந்த இடத்தில் தேட வேண்டும் என்பதை மட்டுமே கோடு சொல்லும்.

கோளாறு ஏற்பட்ட நொடியில் இன்ஜின் எத்தனை சுற்று சுற்றியது, எவ்வளவு சூடு, வண்டியின் வேகம் என்ன என்ற விவரங்களும் கூடவே பதிவாகும். இதற்கு ஃப்ரீஸ் ஃப்ரேம் என்று பெயர். ஆப்பில் உள்ள கிளியர் பட்டனை அழுத்தினால் இது முழுவதும் அழிந்துவிடும். எனவே கோடையும் விவரங்களையும் ஸ்கிரீன்ஷாட் எடுக்காமல் கிளியர் கொடுக்காதீர்கள்.

பழைய கார் வாங்குபவர்களுக்கு ஒரு டிப்ஸ். விற்பவர் முந்தின நாள் கோடுகளை அழித்து, எச்சரிக்கை விளக்கை அணைத்திருக்கலாம். ஆனால் கோடு அழித்த பிறகு ஓடிய தூரத்தையும் இ.சி.யு. பெரும்பாலும் எண்ணிக்கொண்டிருக்கும். ஆப்பில் அந்த எண்ணைத் தேடுங்கள். 50,000 கிலோமீட்டர் ஓடிய காரில் அது வெறும் 12 கிலோமீட்டர் என்று காட்டினால், ஏன் அழித்தீர்கள் என்று கேளுங்கள். பேட்டரி மாற்றியதுகூடக் காரணமாக இருக்கலாம். பதில் திருப்தியாக இல்லை என்றால் சில நாள் ஓட்டிப் பார்த்து, மீண்டும் படித்த பிறகு விலை பேசலாம்.

வேலை முடிந்ததும் அடாப்டரைக் கழற்றி விடுங்கள். செருகியே வைத்தால் பேட்டரி இறங்கும். பாஸ்வேர்டு 1234 என்றால் பக்கத்தில் நிற்பவரும் இணைந்துவிடலாம்.

இரண்டாம் நோட்டு: விபத்துப் பதிவு

ஏர்பேக்கை இயக்கும் இ.சி.யு.வுக்குள் பல கார்களில் இன்னொரு பதிவும் இருக்கிறது. ஈவன்ட் டேட்டா ரெக்கார்டர் என்பது இதன் பெயர். விமானத்தின் கறுப்புப் பெட்டியோடு இதை ஒப்பிடுவார்கள். ஆனால் இது மிகச் சிறிய நோட்டு. கடைசிச் சில விநாடிகளின் வேகம், பிரேக், ஆக்ஸிலரேட்டர் விவரங்களை மாற்றி மாற்றி மேலேயே எழுதிக்கொண்டிருக்கும். பலத்த மோதல் நடந்தால் அந்தப் பக்கம் அப்படியே பூட்டப்படும். சீட் பெல்ட் போட்டிருந்தார்களா, ஏர்பேக் எப்போது விரிந்தது என்பதும் சேரும். இந்த மெமரி மின்சாரம் இல்லாவிட்டாலும் அழியாத வகை. பேச்சுக் குரலை இது பதிவதில்லை.

இந்தியாவில் பலருக்கும் இது தெரிய வந்தது 2022 செப்டம்பர் 4 அன்று நடந்த ஒரு விபத்தில். டாடா சன்ஸ் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி வந்த கார், மகாராஷ்டிராவின் பால்கர் மாவட்டத்தில் சூர்யா ஆற்றுப் பாலத்தில் மோதியது. பின் சீட்டில் இருந்த அவரும் இன்னொருவரும் இறந்தனர். இருவரும் சீட் பெல்ட் போடவில்லை. காரில் இருந்த பதிவைப் படித்த தயாரிப்பு நிறுவனம் போலீசுக்கு அறிக்கை கொடுத்தது. மோதலுக்குச் சில விநாடிகள் முன் வேகம் 100 கிலோமீட்டர், மோதும்போது 89 கிலோமீட்டர் என்று அதில் இருந்ததாகப் போலீசார் தெரிவித்தனர்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வேகம் எவ்வளவு, பிரேக் எப்போது என்பதை நோட்டு சொல்லும். ஏன் என்பதைச் சொல்லாது. குறுக்கே நாய் ஓடியதா, டிரைவர் கண் அசந்தாரா என்பதற்கு டேஷ் கேமராவோ நேரில் பார்த்த சாட்சியோதான் வேண்டும்.

இந்த நோட்டைச் சாதாரண ஓ.பி.டி. ஆப்பால் படிக்க முடியாது. தனிக் கருவி வேண்டும். அமெரிக்காவில் 2015-ல் வந்த சட்டப்படி இந்தப் பதிவு கார் உரிமையாளருக்கோ குத்தகைக்கு எடுத்தவருக்கோ சொந்தம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் புதிய கார்கள் எல்லாவற்றிலும் இந்த ரெக்கார்டர் கட்டாயம்.

மூன்றாம் நோட்டு: உங்களைப் பற்றிய பதிவு

முதல் இரண்டும் வண்டியைப் பற்றியவை. மூன்றாவது உங்களைப் பற்றியது. டேஷ்போர்டு நடுவில் உள்ள திரைதான் அதன் இடம். போனை ப்ளூடூத்தில் இணைக்கும்போது, கான்டாக்ட்ஸ் எடுக்கலாமா என்று கேட்கும். படிக்காமல் ஓகே கொடுத்தால் போன் புக்கும் அழைப்புப் பட்டியலும் காரில் ஏறும். நேவிகேஷனில் வீடு என்று சேமித்த முகவரியும் அங்கே இருக்கும். பாட்டுக் கேட்க மட்டும்தான் ப்ளூடூத் என்றால் கான்டாக்ட்ஸ் கேள்விக்கு நோ கொடுக்கலாம்.

2019-ல் ஹூண்டாய் வென்யூ, எம்.ஜி. ஹெக்டர் ஆகியவை வந்ததிலிருந்து சிம் பொருத்திய கார்கள் இங்கே பெருகிவிட்டன. கார் நிற்கும் இடத்தைப் போனில் பார்க்கலாம், கதவைப் பூட்டலாம். திருடு போனால் இது பெரிய உதவி. ஆனால் அந்தத் தகவல் கம்பெனியின் சர்வர் வழியாகத்தான் போனுக்கு வருகிறது. 2023-ல் மொசில்லா அமைப்பு 25 கார் பிராண்டுகளின் தனியுரிமைக் கொள்கைகளை ஆராய்ந்தது. ஒன்றுகூடத் தேறவில்லை. அதே ஆண்டு இந்தியாவில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. தரவு எடுக்கச் சம்மதம் கேட்க வேண்டும், கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறவும் வழி வேண்டும் என்கிறது சட்டம். எனவே காரின் ஆப்பில் ஐ அக்ரீ அழுத்தும்முன் எதற்கெல்லாம் என்று பாருங்கள்.

காரை விற்கும்போது

1. காரின் செட்டிங்ஸில் ப்ளூடூத் பகுதிக்குப் போய், இணைத்த போன்கள் எல்லாவற்றையும் நீக்குங்கள்.
2. அதே செட்டிங்ஸில் ஃபேக்டரி ரீசெட் கொடுங்கள். நேவிகேஷன் முகவரிகள் போய்விட்டனவா என்று சரிபாருங்கள்.
3. கம்பெனி ஆப்பில் உங்கள் கணக்கிலிருந்து காரை நீக்குங்கள். ஆப்பை போனில் அன்இன்ஸ்டால் செய்தால் மட்டும் போதாது.
4. பாட்டு பென் டிரைவையும் கேமராவின் மெமரி கார்டையும் எடுத்துக்கொள்ளுங்கள்.
5. ஃபாஸ்டாக் கணக்கை மூடுங்கள். இல்லாவிட்டால் புதிய உரிமையாளர் விஜயமங்கலம் டோலைத் தாண்டும்போது உங்கள் பணம் போகும்.

வாங்குபவரும் மூன்றாவது படியை விடக்கூடாது. பழைய உரிமையாளரின் ஆப்பில் கார் இன்னும் இருந்தால், நீங்கள் எங்கே போகிறீர்கள் என்பதை அவர் வீட்டில் உட்கார்ந்தபடி பார்க்க முடியும்.

விபத்து நடந்தால்

முதலில் ஆளைக் காப்பாற்றுங்கள். 108-க்குப் போன் செய்யுங்கள். அதன் பிறகு இவற்றைக் கவனியுங்கள்:

1. ஃபேக்டரி ரீசெட், ஃபால்ட் கோடு கிளியர் எதுவும் கொடுக்காதீர்கள்.
2. டேஷ் கேமரா இருந்தால் மெமரி கார்டைக் கழற்றிப் பத்திரப்படுத்துங்கள். இல்லாவிட்டால் பழைய காட்சியின்மேல் புதியது எழுதப்பட்டுவிடும். போலீசார் கேட்டால் கொடுக்க வேண்டும்.
3. பெரிய விபத்து என்றால், சர்வே முடியும்வரை ஏர்பேக் இ.சி.யு.வை மாற்ற வேண்டாம் என்று வொர்க்‌ஷாப்பிலும் இன்சூரன்ஸ் கம்பெனியிலும் எழுத்தில் கொடுத்து ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். மாற்றினால் பழைய இ.சி.யு.வைக் கேட்டு வாங்குங்கள். நீங்கள் சரியான வேகத்தில் வந்து பிரேக் பிடித்ததற்கு அதுவே சாட்சியாக இருக்கலாம்.

வரும் ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் ஒதுக்கி, காரில் உட்கார்ந்து மூன்றையும் செய்து பாருங்கள். ஓ.பி.டி. போர்ட் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். ப்ளூடூத் பட்டியலில் யார் யார் போன் இருக்கிறது என்று பார்த்து, வேண்டாதவற்றை நீக்குங்கள். ஃபேக்டரி ரீசெட் எந்த மெனுவில் இருக்கிறது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். இப்போது அழுத்த வேண்டாம்.