ஜாலியை மாற்ற டைல்ஸை உடைக்கணுமா?

கேள்வி: குளியலறையில் தண்ணீர் போகிற ஜாலி துருப்பிடித்து உடைந்துவிட்டது. கரப்பான் ஏறி வருகிறது. டைல்ஸை உடைக்காமல் மாற்ற முடியுமா?
– வாசகி, திருச்சி

பதில்: பெரும்பாலும் முடியும். உடைந்தது மேல்தட்டு மட்டுமா, தரையில் பதிந்த சட்டமுமா என்று பாருங்கள். தட்டு மட்டும் என்றால் அதைக் கையோடு ஹார்ட்வேர் கடைக்குக் கொண்டுபோங்கள். 5 அங்குலமும் 6 அங்குலமும் நினைவில் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

சட்டமும் போயிருந்தால், ஓட்டைக்குள் பழைய துணியைத் திணித்துக்கொண்டு, சுற்றியுள்ள சிமெண்ட்டைச் சிற்றுளியால் மெல்லக் கொத்துங்கள். ஒரு சில்லு குழாய்க்குள் விழுந்தாலும் வேலை இரட்டிப்பு. (முடிந்ததும் துணியை எடுக்க மறந்தவர்கள் உண்டு!) புது ஜாலி 304 தர ஸ்டீலாக இருக்கட்டும். டைல்ஸைவிட ஒரு நூல் தாழ்வாக உட்கார வேண்டும். மேடாக நின்றால் தண்ணீர் சுற்றிலும் தேங்கும். பூசுவதற்கு ஒயிட் சிமெண்ட்டைவிட எபாக்ஸியே என் தேர்வு. ஒரு நாள் நனைக்காதீர்கள்.

கரப்பானுக்கு ஜாலி மட்டும் காரணமில்லை. கீழே குழாயின் வளைவான டிராப்பில் சுமார் 2 அங்குலம் தண்ணீர் நிற்க வேண்டும், அதுதான் பூட்டு. ஊருக்குப் போய்த் திரும்பினால் அது வற்றியிருக்கலாம், முதலில் ஒரு குவளை தண்ணீர் ஊற்றுங்கள். ஆசிட் ஊற்றிக் கழுவுகிறீர்களா? புது ஜாலியும் பழசின் வழியே போகும்.