கல்லூரிப் பிள்ளைகளின் நேரமும் ஸதகாதான்

ஸதகா என்றால் பணம் என்றே நம் வீடுகளில் பழகிவிட்டது. கல்லூரியில் படிக்கும் பிள்ளையிடம் பணம் ஏது? "படித்து முடித்து வேலைக்குப் போகட்டும், பிறகு நாலு பேருக்குச் செய்வான்" என்று பெற்றோரும் இருந்துவிடுகிறார்கள். பாதையில் கிடக்கும் முள்ளை எடுத்துப் போடுவதும் ஸதகாதான் என்று மக்தபில் ஓதும் வயதிலேயே சொல்லித் தருகிறோம். கல்லூரி வயதில் அந்தப் பாடத்தை எப்படி நடைமுறைப்படுத்துவது என்பதைத்தான் சொல்லித் தருவதில்லை.

வெள்ளம் வந்தால் நம் இளைஞர்கள் தயங்காமல் இறங்கிவிடுவார்கள். 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது பள்ளிவாசல்களில் எல்லா மதத்தவரும் தங்கியதையும், நம் பிள்ளைகள் தண்ணீரில் உணவுப் பொட்டலம் சுமந்து போனதையும் ஊரே பார்த்தது. அது பெரிய காரியம், சந்தேகமில்லை. ஆனால் யாரும் படம் எடுக்காத ஓர் அறையில் மூன்று நான்கு மணி நேரம் உட்கார்ந்து செய்ய வேண்டிய பணிக்கு ஆள் கிடைப்பதில்லை. அப்படி ஒரு பணியைப் பற்றியே இந்தப் பாடம். பார்வையற்ற மாணவர் பதில் சொல்லச் சொல்லத் தேர்வு எழுதித் தருவது. கல்லூரிகளில் இதைச் செய்பவரை 'ஸ்கிரைப்' என்பார்கள்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் குறைந்தது 5 சதவீத இடங்களை அவர்களுக்கு ஒதுக்கச் சொல்கிறது. இடம் கிடைத்துவிடுகிறது. வருடம் முழுவதும் படித்தும் விடுகிறார். தேர்வு நாளன்று பதில் அவர் நெஞ்சில் இருக்கும், எழுதுவதற்குப் பக்கத்தில் ஆள் இருக்காது. சில கல்லூரிகள் தாங்களே ஏற்பாடு செய்கின்றன. பல இடங்களில் அந்த மாணவர்தான் தெரிந்தவர், தெரியாதவர் என்று போன் போட்டுத் தேட வேண்டியிருக்கிறது. ஆள் வராவிட்டால் அந்தத் தாள் அரியர். படிக்காமல் விழுந்த அரியர் வேறு, எழுத ஆளில்லாமல் விழுந்த அரியர் வேறு.

மாணவர்களுக்கு மனம் இல்லை என்று சொல்ல மாட்டேன். இவருக்குத் தேர்வு நடக்கும் அதே நாளில் அவர்களுக்கும் தேர்வு. ஒரே கல்லூரிக்குள் தேடினால் இந்தச் சிக்கல் தீராது. தன்னாட்சிக் கல்லூரிகளின் அட்டவணையும் பல்கலைக்கழக அட்டவணையும் பெரும்பாலும் வேறு வேறாக இருக்கும். ஆகவே ஒரு கல்லூரியின் பிள்ளைகள் வேறு கல்லூரிக்குப் போய் எழுதுவதே நடைமுறையில் கைகொடுக்கிறது. ஒரு மஹல்லாவில் நாலைந்து கல்லூரிகளின் பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களுடைய அட்டவணைகளை ஓரிடத்தில் சேர்த்து வைத்தால், எந்த நாளில் யார் ஓய்வு என்பது தெரிந்துவிடும்.

விதிகளை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். தேர்வு எழுதுபவர் தாமே ஆள் அழைத்து வந்தால், வருபவரின் படிப்பு அவருடைய படிப்பைவிட ஒரு படி குறைவாக இருக்க வேண்டும் என்று 2018-ல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல் சொன்னது. வேலைவாய்ப்புத் தேர்வுகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் இதில் வேறுபாடு உண்டு, பின்னாளில் மாற்றங்களும் வருகின்றன. அந்தந்தத் தேர்வின் அறிவிப்பைப் படிக்காமல் யாரும் ஒப்புக்கொள்ள வேண்டாம். கல்லூரி அடையாள அட்டை, அதன் நகல், புகைப்படம் இவற்றைத் தேர்வுக்கு முன்பே கேட்பார்கள். அதே பாடம் படிப்பவரை அனுமதிக்காத இடங்களும் உண்டு.

அறைக்குள் செய்ய வேண்டியது எளிது, ஆனால் பழக்கம் வேண்டும். வினாத்தாளை முதலில் முழுதாக வாசித்துக் காட்ட வேண்டும். எந்தப் பகுதியில் எத்தனை வினா, எதற்கு எத்தனை மதிப்பெண், எங்கே 'அல்லது' இருக்கிறது என்பதையும் விடாமல் சொல்ல வேண்டும். பிறகு அவர் சொல்வதை மட்டும் எழுத வேண்டும். தவறான பதிலைச் சொன்னாலும் திருத்தக் கூடாது, முகபாவத்திலோ குரலிலோ காட்டவும் கூடாது. நல்ல பிள்ளைகள் சறுக்கும் இடம் இதுதான். இரக்கப்பட்டு ஒரு வரி சேர்த்து எழுதிவிடுவார்கள். அது உதவி அல்ல, அவருடைய தேர்வில் நாம் செய்யும் மோசடி. கலைச்சொற்களின் எழுத்துக்கூட்டலைக் கேட்டு எழுதலாம். கேட்டால் எழுதியதை வாசித்துக் காட்டலாம். எவ்வளவு நேரம் மிச்சமிருக்கிறது என்று அவ்வப்போது சொல்வது அவருக்குப் பெரிய உதவி, அவரால் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்க முடியாதல்லவா?

அவருக்கு ஒவ்வொரு மணி நேரத்துக்கும் குறைந்தது 20 நிமிடம் கூடுதல் நேரம் உண்டு. மூன்று மணி நேரத் தேர்வு நான்கு மணி நேரமாகிவிடும். காலை 10 மணிக்குத் தொடங்கினால் முடிய 2 மணி. வெள்ளிக்கிழமையாக இருந்தால் ஜும்ஆ தவறிவிடும். பிற்பகல் 2 மணித் தேர்வு என்றாலும் முன்னதாகவே அங்கு இருக்க வேண்டும் என்பதால் இதே நெருக்கடிதான். ஜும்ஆ கடமையாகாத நம் பெண் பிள்ளைகள் வெள்ளிக்கிழமைத் தேர்வுகளை ஏற்றுக்கொண்டால் இது சுலபமாகத் தீரும். பார்வையற்ற மாணவிகளுக்கும் பக்கத்தில் ஒரு பெண் இருந்து எழுதினால் கூச்சமில்லாமல் இருக்கும். மகளைப் புது இடத்துக்கு அனுப்ப யோசிக்கும் பெற்றோர், இது கண்காணிப்பாளர் இருக்கும் தேர்வு அறை என்பதை நினைவில் கொள்ளட்டும். முதல் முறை தாயோ தமையனோ கூடப் போய் வரலாம்.

'வருகிறேன்' என்று சொன்ன வார்த்தை அமானிதம். இரத்ததான முகாமுக்கு ஒருவர் வராவிட்டால் இன்னொருவர் கொடுப்பார். இங்கே ஒருவர் வராவிட்டால் மற்றொருவரின் ஆறு மாதம் போய்விடும். காய்ச்சல் என்றால் முதல் நாள் மாலையே சொல்லி, மாற்று ஆளையும் கையோடு ஏற்பாடு செய்வதுதான் முறை. பல இடங்களில் மாற்று ஆளுக்கும் முன் அனுமதி வேண்டும் என்பதால், ஒரு மாணவருக்கு இரண்டு பேராகப் பெயர் கொடுப்பது நல்லது.

அன்று முழுக்க ஒதுக்க முடியாதவர் வீட்டிலிருந்தே பாடப் புத்தகத்தை வாசித்து செல்போனில் பதிவு செய்து கொடுக்கலாம். கணினித் திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் 'என்விடிஏ' போன்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. ஆனால் படமாக ஸ்கேன் செய்த தமிழ்ப் பக்கங்களை அவை அப்படியே வாசித்துவிடுவதில்லை. மாற்றுத்திறனாளிகளின் பயன்பாட்டுக்காக, லாப நோக்கமின்றி இப்படி மாற்றித் தருவதை 2012-ல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம் அனுமதிக்கிறது. பதிவின் தொடக்கத்தில் பாடத்தின் பெயரையும் பக்க எண்ணையும் சொல்லிவிட வேண்டும். அட்டவணை வந்தால் வரிசை வரிசையாக வாசிக்க வேண்டும். பின்னால் டிவி ஓடக் கூடாது!

மற்ற பணிகளும் உண்டு. நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேர்ந்தால் இரண்டு ஆண்டில் 240 மணி நேரம், ஏழு நாள் முகாம். அந்த மணிக்கணக்கில் இந்தப் பணியைச் சேர்க்க முடியுமா என்று திட்ட அலுவலரிடம் கேட்டுப் பார்க்கலாம். மஹல்லாவில் உதவித்தொகை விண்ணப்பங்களுக்கு உதவுவதும் நல்ல வேலைதான். ஆதாரில் 'முகமது', மாற்றுச் சான்றிதழில் 'முஹம்மது', வங்கிப் புத்தகத்தில் வேறொன்று என்று இருப்பதால் நம் பிள்ளைகளின் விண்ணப்பங்கள் சிக்கிக்கொள்கின்றன. கடைசித் தேதிக்கு முன்பே ஒரு மாணவர் அமர்ந்து பெயரைச் சரிபார்த்தால் போதும். அதைப் பற்றித் தனியாகவே ஒரு பாடம் எழுதலாம்.

எந்தப் பணியானாலும் உதவி பெறுபவரைப் படம் எடுத்து ஸ்டேட்டஸில் போடாதீர்கள்.

செமஸ்டர் தேர்வுகள் பெரும்பாலும் நவம்பரிலும் ஏப்ரலிலும் வரும். ஒரு மாதம் முன்பே பெயர் கொடுத்தால்தான் அனுமதி வாங்க முடியும். பக்கத்துக் கல்லூரியின் தேர்வு அலுவலகத்திலோ, பார்வையற்றோர் படிக்கும் விடுதியின் காப்பாளரிடமோ நேரில் போய்ச் சொல்லுங்கள். பெயர், படிக்கும் வகுப்பு, தமிழ், ஆங்கிலம் இரண்டில் எது வேகமாக எழுத வரும், எந்தெந்த நாட்கள் ஓய்வு என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். அவர்கள் அழைப்பார்கள், இன்ஷா அல்லாஹ்.