கவலை உடலில் இறங்கும்போது



"ஹஜ்ரத், மாசம் ஒரு தடவை சளி, காய்ச்சல். ராத்திரி தூக்கமே இல்ல. ஓதிப் பாருங்க" என்று கேட்பவர்கள் நம் ஊரில் அதிகம். ஓதிப் பார்க்கிறோம். ஆனால் கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால் பின்னால் ஒரு கடன் இருக்கும், அல்லது வீட்டில் தீராத சண்டை இருக்கும். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் நாட்டுப் பொருட்கள் மீதான கூடுதல் வரியை 50 சதவீதமாக உயர்த்தியது. அதன் அடி திருப்பூரில் எங்கே விழுந்தது என்று உங்களுக்குத் தெரியும். ஒன்றரை ஷிப்ட் பார்த்துப் பழகிய டெய்லருக்கு ஒரு ஷிப்டே சந்தேகமானால் சனிக்கிழமைச் சம்பளம் குறையும். குழு லோன் தவணை குறையாது.

இப்படி வாடி நிற்பவரைப் பார்த்து, "ஈமான் பத்தவில்லை, அதனால்தான் இந்தக் கவலை" என்று சிலர் சொல்லிவிடுகிறார்கள். சொல்லாதீர்கள். மகனைப் பிரிந்த துயரத்தில் யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் வெளுத்துப் பார்வை போனதை சூரா யூசுஃப் சொல்கிறது. ஒரு நபிக்கு ஈமான் குறைவு என்று யாராவது சொல்வோமா? உள்ளம் பட்ட துயரம் உடலில் இறங்கியது, அவ்வளவுதான்.

எப்படி இறங்குகிறது? சிறுநீரகங்களின் மேலே அட்ரினல் என்ற சிறு சுரப்பிகள் இருக்கின்றன. ஆபத்து வந்தால் அவை கார்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கும். அது உடலை உஷார்ப்படுத்தும். கூடவே நோய் எதிர்ப்பு அணுக்கள் எல்லை மீறாமல் அடக்கியும் வைக்கும். சில நிமிட ஆபத்துக்கு இது அருமையான ஏற்பாடு. ஆனால் மாதக்கணக்கில் நீடித்தால்? சூப்பர்வைசர் தினமும் கத்தினால் லைனில் ஒருவரும் காதில் வாங்குவதில்லை அல்லவா, அதுபோல எதிர்ப்பு அணுக்கள் கார்டிசாலின் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிடுகின்றன. அப்போது உடலில் அழற்சி அடங்காமல் போகிறது. அந்தச் செய்தி மூளைக்கும் போகிறது. பசி குறையும், தூக்கம் கெடும், யாரையும் பார்க்கப் பிடிக்காது, சின்ன விஷயத்துக்கும் எரிந்து விழத் தோன்றும். ஜமாஅத்துக்கு வராமல் ஒதுங்குகிறாரே என்று நாம் குறை பேசும் மனிதர் இந்த நிலையில் இருக்கலாம்.

அமெரிக்காவில் ஷெல்டன் கோஹன் என்ற ஆய்வாளர், ஆரோக்கியமான 276 பேரின் மூக்கில் சளிக் கிருமியைச் சொட்டாக விட்டுக் கவனித்தார். ஒரு மாதத்துக்கு மேல் நீடித்த பிரச்சினை உள்ளவர்களுக்கே சளி அதிகம் பிடித்தது. அதிலும் முன்னே நின்றவை இரண்டு: வேலை இல்லாமை அல்லது போதிய வேலை இல்லாமை, நெருங்கியவர்களோடு தீராத மனக்கசப்பு. அதே ஆட்களில், குடும்பம், அக்கம்பக்கம், நண்பர்கள், வழிபாட்டுத் தலம் என்று பலவகை உறவு உள்ளவர்களுக்குச் சளி குறைவாகவே வந்தது. 2005-ல் வெளிவந்த இன்னொரு ஆய்வில் 42 தம்பதிகளின் கையில் சிறு கொப்புளக் காயம் ஏற்படுத்திப் பார்த்தார்கள். கடுமையாகப் பேசிக்கொள்ளும் தம்பதிகளின் காயம், மற்றவர்களோடு ஒப்பிட்டால் 60 சதவீத வேகத்தில்தான் ஆறியது. வீட்டுக்குள் வீசும் வார்த்தை தோலைத் தொடுகிறது, சகோதரர்களே!

நம் தமிழகத்திலேயே, விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 464 கரும்பு விவசாயிகளைச் சோதித்த ஆய்வு 2013-ல் வந்தது. கையில் காசில்லாத அறுவடைக்கு முன்பு அவர்களின் யோசிக்கும் திறன் குறைந்திருந்தது. அறுவடைக்குப் பின் அதே ஆட்கள் மேலாகச் செய்தார்கள். கடன் நெருக்கத்தில் ஒருவர் எடுத்த தவறான முடிவை வைத்து அவருடைய அறிவை எடைபோடுவது அநியாயம்.

ஆகவே, ஜாப் வொர்க் எடுத்து நடத்தும் சகோதரர்களே, கூலியைத் தாமதிக்கக் கூடாது என்ற நபி (ஸல்) அவர்களின் போதனை உங்களுக்குத் தெரியும். ஆர்டர் குறைவு உங்கள் கையில் இல்லை. ஆனால் அடுத்த வாரம் எத்தனை நாள் வேலை இருக்கும் என்பதை முன்கூட்டியே சொல்வது உங்கள் கையில் இருக்கிறது. தெரியாமல் காத்திருப்பது ஆளை அரிக்கும். கடன் கொடுத்தவர்கள், வீட்டு வாசலில் பிள்ளைகள் முன்னால் சத்தம் போடாமல் தவணையைத் தள்ளி வையுங்கள்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். எல்லாவற்றையும் கவலையின் மேல் போடக் கூடாது. ஆறாத புண்ணுக்குச் சர்க்கரை காரணமாக இருக்கலாம். விடாத இருமலுக்குப் பஞ்சுத் தூசியோ காசநோயோ காரணமாக இருக்கலாம். துஆவோடு அரசு மருத்துவமனைக்கும் போய்ப் பரிசோதியுங்கள். மனம் மிகவும் கனத்தால் டெலி மானஸ் 14416 என்ற எண்ணுக்குப் பேசலாம். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். பக்கத்து லைன் வீட்டில் தங்கியிருக்கும் ஒடிசா, பீகார் தொழிலாளர்களுக்கும் இந்த எண்ணைக் கொடுங்கள். அவர்கள் இந்தியில் பேசலாம்.