பள்ளி மைதானத்துக்கு எந்தப் புல்?

கேள்வி: 2026 உலகக் கோப்பைக் கால்பந்துக்காக அமெரிக்க அரங்குகளில் செயற்கைத் தரையை விட்டு இயற்கைப் புல்லுக்கு மாறுகிறார்கள் என்று படித்தேன். நாங்களோ எங்கள் பள்ளிக் கால்பந்து மைதானத்தில் செயற்கைத் தரை போட முன்னாள் மாணவர்களிடம் பணம் திரட்டுகிறோம். அதற்குத் தண்ணீரும் பராமரிப்பும் வேண்டாம் என்கிறார்கள். போடலாமா?
– வாசகர், விருதுநகர்

பதில்: ஹாக்கி என்று எழுதியிருந்தால் உடனே சரி என்றிருப்பேன். 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கிலேயே அந்த ஆட்டம் செயற்கைத் தரைக்குப் போய்விட்டது. கால்பந்து என்கிறீர்கள், கொஞ்சம் பொறுங்கள்.

செயற்கைப் புல் அரங்குகளுக்கு வந்தது வேறு வழியில்லாமல்தான். ஹூஸ்டனில் 1965இல் திறந்த ஆஸ்ட்ரோடோம், கூரை போட்ட பேஸ்பால் அரங்கம். கூரைத் தகடுகள் வழியே இறங்கிய வெயிலில் புல் வளர்ந்தது. ஆனால் கண் கூசி, உயரே போன பந்து ஆட்டக்காரர்களுக்குத் தெரியவில்லை. தகடுகளுக்கு வண்ணம் பூசினார்கள், புல் செத்தது. காய்ந்த தரைக்குப் பச்சைச் சாயம் அடித்து அந்தப் பருவத்தை ஓட்டிவிட்டு, 1966இல் செயற்கைப் புல்லை விரித்தார்கள்.

இயற்கைத் தரையின் பெரிய குணம், அது பெயரும். ஓடுகிற பையன் சட்டென்று திரும்பும்போது பூட்ஸின் ஸ்டட்கள் புல்லைப் பெயர்த்துக்கொண்டு விடுபடும். செயற்கைத் தரை அப்படிப் பெயராது. பிடித்த பிடியை விடாவிட்டால் திருகல் முழுவதும் முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் போகும். எல்லா ஆய்வுகளும் ஒரே முடிவைத் தரவில்லை, தரையின் தரத்தைப் பொறுத்தும் மாறும். ஆனாலும் ‘அமெரிக்கக் கால்பந்து’ என்ற வேறு ஆட்டத்தின் வீரர் சங்கம், 2012 முதல் 2018 வரையிலான கணக்கை வைத்து, மோதலின்றி வரும் முழங்கால் காயங்கள் செயற்கைத் தரையில் 32 சதவீதம் அதிகம் என்றது. 2015 மகளிர் உலகக் கோப்பையைக் கனடாவில் செயற்கைத் தரையிலேயே நடத்தினார்கள். வீராங்கனைகள் சட்டப்படி புகார் கொடுத்தும் பலிக்கவில்லை. ஆண்களுக்கு 2026இல் புல் என்றால் அவர்களுக்கும் அன்றே கொடுத்திருக்க வேண்டும்.

உங்கள் ஊருக்கு வருவோம். கோடை வெயிலில் செயற்கைத் தரை 60 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சுடும். வெறுங்காலோடு ஓடிவரும் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். சூடு தணிக்கத் தண்ணீர் அடித்தே ஆக வேண்டும். இழைகளுக்கு இடையில் நிரப்பும் ரப்பர் துகள் மழையில் அடித்துக்கொண்டுபோய் வாய்க்காலில் சேரும். ஐரோப்பிய ஒன்றியம் 2031 அக்டோபரிலிருந்து அதன் விற்பனைக்கே தடை போட்டிருக்கிறது. பத்து ஆண்டுகளில் தரையும் தேய்ந்துவிடும். அன்று மறுபடி யார் பணம் திரட்டுவது?

காலை முதல் இரவுவரை பல அணிகள் மாறி மாறி ஆடும் நகர மைதானம் என்றால் புல் தாங்காது. அங்கே செயற்கைத் தரை நியாயம். பள்ளிக்கு அருகம்புல் போதும். வெப்ப நாடுகளின் அரங்குகளில் விரிக்கும் பெர்முடா புல் அதன் இனம்தான். திரட்டிய பணத்தில் மணல் கலந்து மேடு தட்டி, நீர் வடிய வழி செய்து, ஆழ்துளைக் கிணறும் ஒரு பராமரிப்பாளரின் சம்பளமும் உறுதி செய்யுங்கள். மழை பெய்த மறுநாள் ஆட்டம் வேண்டாம். கோல் முன்னால்தான் முதலில் தேயும். கம்பங்களை இடம் மாற்றும்படி அமையுங்கள், மாற்றும் ஒவ்வொரு முறையும் சாயாதபடி தரையோடு இறுக்கிக் கட்டிவிடுங்கள்.