தொழுகையும் நோன்பும்

தில்லியிலோ போபாலிலோ வளரும் தமிழ்ச் சிறுவர்கள் 'நமாஸ்', 'ரோஸா' என்னும் சொற்களை அடிக்கடி கேட்கின்றனர். உடன் படிக்கும் முஸ்லிம் தோழர்களின் இல்லங்களில் அவையே வழங்குகின்றன. இரண்டும் பாரசீகச் சொற்கள். உருது மொழியின் வழியாக வட இந்தியாவில் பரவியவை. தமிழ் முஸ்லிம்களோ முன்னதைத் தொழுகை என்றும் பின்னதை நோன்பு என்றும் கூறுவர். தொழுதலும் நோற்றலும் திருக்குறளிலேயே பயின்று வரும் பழஞ்சொற்கள். திருக்குர்ஆனைப் படிப்பதை அவர்கள் ஓதுதல் என்பர். தேவாரத்தை இசைப்பவருக்கு ஓதுவார் என்னும் பெயர் வந்ததும் இந்த வினையிலிருந்தே. தொழுமிடம் பள்ளிவாசல் எனப்படும். தொழுகைக்கு விடுக்கும் அழைப்பைப் பாங்கு என்பர். இது மட்டும் தமிழ்ச்சொல் போல் ஒலிக்கும் பாரசீகச் சொல்!

இஸ்லாம் என்னும் அரபுச் சொல் இறைவனுக்குத் தன்னை ஒப்படைத்தலைக் குறிக்கும். அமைதி என்னும் பொருள் தரும் 'ஸலாம்' என்ற சொல்லும் இதே வேரிலிருந்து பிறந்ததாகும். இறைவன் ஒருவனே, அவனுக்கு இணை இல்லை, உருவம் இல்லை. இதுவே இம்மார்க்கத்தின் அடித்தளம். வானவர்கள், இறைவன் அருளிய வேதங்கள், இறைத்தூதர்கள், இறுதித் தீர்ப்பு நாள், இறைவன் வகுத்த விதி ஆகியவற்றையும் முஸ்லிம்கள் நம்புகின்றனர். கிறித்தவர்களும் யூதர்களும் போற்றும் ஆபிரகாம், மோசே, இயேசு ஆகியோரை அவர்கள் இப்ராஹீம், மூஸா, ஈஸா என்னும் பெயர்களில் இறைத்தூதர்களாக மதிக்கின்றனர்.

தூதர்களுள் இறுதியானவர் முஹம்மது நபி. அவர் கி.பி. 570ஆம் ஆண்டளவில் மக்காவில் பிறந்தார். தந்தையைப் பிறப்பதற்கு முன்னும், தாயை ஆறு வயதிலும் இழந்தார். வளர்ந்தபின் வணிகம் செய்தார். நாற்பதாம் வயதில் ஹிரா என்னும் குகையில் தனித்திருந்தபோது முதல் இறைமொழி அவருக்கு அருளப்பட்டது. மக்காவில் எதிர்ப்பு மிகுந்ததால் 622ஆம் ஆண்டு மதீனாவுக்குப் பெயர்ந்தார். இப்பயணமே ஹிஜ்ரத் எனப்படும். ஹிஜ்ரி ஆண்டுக்கணக்கு இதிலிருந்து தொடங்குகிறது. அவருக்கு அருளப்பட்டவற்றின் தொகுப்பான திருக்குர்ஆன் 114 அத்தியாயங்களை உடையது. தமிழ் நூல்களில் நபியின் பெயரை அடுத்து 'ஸல்' என்ற குறியைக் காணலாம். அவர்மீது அருளும் அமைதியும் உண்டாக வேண்டும் என்னும் வாழ்த்தின் சுருக்கம் அது. அவருடைய உருவத்தை வரைவதை முஸ்லிம்கள் பொதுவாக ஏற்பதில்லை. பள்ளி விழாக்களுக்குப் படம் வரையும் மாணவர்கள் இதனை அறிந்திருத்தல் நன்று.

முஸ்லிம்களுக்குரிய கடமைகள் ஐந்து. இறைவனின் ஒருமையையும் முஹம்மது நபி அவனுடைய தூதர் என்பதையும் உளமார மொழிதல் முதற்கடமை. இது கலிமா எனப்படும். பிற நான்கும் தொழுகை, நோன்பு, ஜகாத், ஹஜ் ஆகியன.

வைகறை, நண்பகல், பிற்பகல், அந்தி, இரவு என நாளொன்றுக்கு ஐந்து வேளை தொழுவர். தொழுமுன் கை, வாய், மூக்கு, முகம், முழங்கை வரையுள்ள பகுதி ஆகியவற்றைக் கழுவி, தலையை ஈரக்கையால் தடவி, கால்களையும் கழுவுவர். இதற்கு ஒளு என்று பெயர். மக்காவிலுள்ள கஅபாவை நோக்கியே எங்கும் தொழுவர். கஅபா தொழுகைக்குரிய திசையே அன்றி வணங்கப்படும் பொருள் அன்று. இந்தியாவுக்கு மக்கா மேற்கே இருப்பதால் இங்கு மேற்கு நோக்கித் தொழுகின்றனர். நிற்க இயலாதவர் அமர்ந்தும், அமர இயலாதவர் படுத்தும் தொழலாம். பள்ளிவாசலில் எவருக்கும் இடம் ஒதுக்கி வைப்பதில்லை. அதிகாரி பிந்தி வந்தால், முந்தி வந்த அவருடைய ஓட்டுநருக்குப் பின்வரிசையில்தான் நிற்பார்.

ஹஜ் என்பது மக்காவுக்கு மேற்கொள்ளும் பயணம். உடல்நலமும் பொருள்வளமும் உடையோர்க்கே அது வாழ்வில் ஒருமுறை கடமையாகும். அங்கே ஆண்கள் தையல் இல்லாத இரண்டு வெண்ணிற ஆடைகளையே அணிவர். உடையைக் கொண்டு அரசர் யார், கூலித் தொழிலாளர் யார் என்று பிரித்தறிய இயலாது.

ஜகாத்தைத் தமிழில் ஏழைவரி என்பது வழக்கம். வசதியான சொல்லே, எனினும் பொருள் பாதியே விளங்கும். வரி அரசுக்குரியது, ஜகாத் இறைவழிபாடு. வரையறுத்த அளவுக்கு மேற்பட்ட செல்வம் ஓராண்டு ஒருவரிடம் தங்கியிருந்தால், அதில் நாற்பதில் ஒரு பங்கைக் கொடுத்துவிடல் வேண்டும். சேமிப்பு 4,00,000 ரூபாய் எனில் ஜகாத் 10,000 ரூபாய். கடனில் மூழ்கியவரும், வழியில் பொருளின்றித் தவிக்கும் பயணியும்கூட இதனைப் பெறத் தகுதியுடையோர். செல்வத்தில் வறியவர்க்கு உரிமை உண்டு என்று திருக்குர்ஆன் கூறுவதால், பெறுபவர் நாணவோ கொடுப்பவர் செருக்குறவோ இடமில்லை.

நோன்பு ரமலான் மாதத்துக்கு உரியது. கிழக்கு வெளுக்கத் தொடங்கும் முன் உண்டு முடித்து, கதிரவன் மறையும் வரை உணவும் நீரும் கொள்ளாதிருப்பர். ஒரு மிடறு நீரும் கூடாது. பொய்யும் புறங்கூறலும் நோன்பின் பயனைக் கெடுக்கும் என்பதால் நாவுக்கும் அது நோன்பே. சிறுவர்களுக்கு இது கடமை அன்று. நோயாளிகளும் பயணிகளும் விட்ட நாள்களைப் பின்னர் நோற்கலாம்.

ஹிஜ்ரி ஆண்டு பிறையைக் கொண்டு கணிக்கப்படுவது. ஏறத்தாழ 354 நாள்களை உடையது. ஆதலால் ரமலான் ஒவ்வோர் ஆண்டும் 10 அல்லது 11 நாள்கள் முன்னதாக வரும். ஏறத்தாழ 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றிவிடும். தில்லியில் டிசம்பர் மாதத்துப் பகல் 10 மணி நேரத்தைச் சற்றே கடக்கும். ஜூன் மாதத்துப் பகலோ 14 மணி நேரம் நீளும். குளிர்காலத்தில் முதல் நோன்பை நோற்ற சிறுவன் இளைஞனாகும்போது அனற்காற்று வீசும் நாள்களில் நோன்பிருப்பான். வகுப்பில் அருகமர்ந்திருக்கும் தோழன் தண்ணீர்ப் புட்டியைத் திறவாமல் வைத்திருப்பதன் காரணம் இதுவாகவும் இருக்கலாம்.

அந்தியில் பாங்கு ஒலித்ததும் பேரீச்சம்பழமோ தண்ணீரோ கொண்டு நோன்பு திறப்பர். தமிழ்நாட்டுப் பள்ளிவாசல்களில் அந்த வேளைக்கென நோன்புக் கஞ்சி காய்ச்சுவர். அரிசியும் பருப்பும் வெந்தயமும் இஞ்சி பூண்டும் சேர்த்துக் குழையக் காய்ச்சும் இக்கஞ்சியைப் பெற, பிற சமயத்தவரும் பாத்திரத்துடன் வந்து நிற்பதுண்டு. ஊரை விட்டு வந்து வட நாட்டில் வாழும் தமிழ் முஸ்லிம்களுக்கு ரமலானில் முதலில் நினைவுக்கு வருவது இக்கஞ்சியின் மணமே.

பிறை தென்பட்டதும் மாதம் நிறைவுறும். மறுநாள் நோன்புப் பெருநாள். அன்று காலைத் தொழுகைக்குச் செல்லும் முன்னரே, வசதியுடையோர் தம் குடும்பத்தில் ஒவ்வொருவர் பெயராலும் குறித்த அளவு தானியத்தையோ அதன் விலையையோ வறியவர்க்கு வழங்கிவிடுவர். கைக்குழந்தையின் பெயராலும் ஒரு பங்கு கொடுக்கப்படும். பெருநாளன்று எந்த வீட்டிலும் அடுப்பு எரியாமல் இருத்தல் கூடாது என்பதே இதன் நோக்கம்.

பயிற்சி

1. ரமலான் மாதம் ஆண்டுதோறும் முன்னதாக வருவது ஏன்?

2. 'ஏழைவரி' என்னும் சொல் ஜகாத்தின் பொருளை முழுமையாக உணர்த்துகின்றதா? உம் கருத்தை ஐந்து வரிகளில் எழுதுக.

3. உம் முஸ்லிம் தோழர் ஒருவரின் இல்லத்தில் நோன்பு திறக்க என்னென்ன உண்பர் எனக் கேட்டறிந்து, தமிழில் ஒரு பத்தி எழுதுக.