வீட்டுப் பள்ளியில் கம்ப்யூட்டர்: நான் கற்ற ஐந்து பாடங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய பெற்றோர் பலரும் சொல்லும் காரணம், "பிள்ளைகள் படிப்பதற்காக" என்பதுதான். வாங்கிய பிறகு, அதில் பிள்ளைகள் என்ன படிக்க வேண்டும் என்று யாரும் சொல்லித் தருவதில்லை.

என் கணவரின் வேலை காரணமாக நாங்கள் அடிக்கடி ஊர் மாறுகிறோம். அதனால் நான்கு ஆண்டுகளாக 12 வயது மகளுக்கும் 8 வயது மகனுக்கும் வீட்டிலேயே பாடம் நடத்தி வருகிறேன். எங்களுக்கு வகுப்பாசிரியரும் இல்லை, ரேங்க் கார்டும் இல்லை. பிள்ளைகள் ஒரு பாடத்தைப் புரிந்துகொள்ளாமல் தாண்டிவிட்டால், அதை நான்தான் கண்டுபிடிக்க வேண்டும். பிள்ளைகள் பள்ளிக்குச் செல்லும் வீடுகளுக்கும் இந்த அனுபவம் பயன்படும்.

1. முதலில் பேப்பர், பிறகு மானிட்டர்

52இல் இருந்து 27ஐக் கழிக்கச் சொன்னால் சில குழந்தைகள் 35 என்று எழுதுவார்கள். 2இல் இருந்து 7 போகாது என்பதால், திருப்பி 7இல் இருந்து 2ஐக் கழித்துவிடுவார்கள். சரியான விடை 25. கணக்குப் பயிற்சி சாஃப்ட்வேர்கள் பலவும் இதற்கு "தவறு" என்று மட்டும் காட்டும். குழந்தையும் ஊகித்து வேறொரு எண்ணைத் தட்டும். பேப்பரில் போட்டால், தவறு எந்த இடத்தில் நடந்தது என்று நமக்குத் தெரியும். எனவே புதுப் பாடத்தைப் பேப்பரிலும் புளியங்கொட்டையிலும் சொல்லிக் கொடுங்கள். புரிந்த பிறகு, வேகமும் பழக்கமும் வரக் கம்ப்யூட்டரைக் கொடுங்கள்.

2. பிள்ளைக்குத் தனி அக்கவுண்ட்

உங்கள் பைல்களும் பிள்ளைகளின் பைல்களும் ஒரே இடத்தில் இருக்க வேண்டாம். விண்டோஸ் 11இல் ஸ்டார்ட் பட்டனைக் கிளிக் செய்து செட்டிங்ஸ் செல்லுங்கள். அங்கே அக்கவுண்ட்ஸ், பிறகு அதர் யூசர்ஸ், அதில் ஆட் அக்கவுண்ட். ஈமெயில் முகவரி கேட்டால், அந்த நபரின் விவரம் என்னிடம் இல்லை என்ற வரியைக் கிளிக் செய்யுங்கள். அடுத்த விண்டோவில் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் இல்லாமல் சேர்க்கும் வழி இருக்கும். இப்படி உருவாகும் அக்கவுண்ட் ஸ்டாண்டர்ட் யூசர் வகையைச் சேர்ந்தது. கம்ப்யூட்டர் முழுவதையும் பாதிக்கும் மாற்றங்களைச் செய்ய முயன்றால் உங்கள் பாஸ்வேர்டைக் கேட்கும்.

3. இன்டர்நெட் இல்லாமலும் வேலை உண்டு

பாட நேரத்தில் எங்கள் வீட்டில் இன்டர்நெட் இணைப்பு இருக்காது. தேவையானவற்றை முன்பே டவுன்லோட் செய்து வைத்துவிடுவேன். ஜிகாம்ப்ரி சிறுவர்களுக்கான பயிற்சிகளும் விளையாட்டுகளும் கொண்டது. டக்ஸ் பெயின்ட் படம் வரைவதற்கு. ஸ்கிராட்ச், அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனம் 2007இல் வெளியிட்டது. கட்டளைகளை வண்ணக் கட்டைகளாக அடுக்கிப் புரோகிராம் எழுதலாம். இன்டர்நெட் இல்லாமல் இயங்கும் பதிப்பும் உண்டு. மூன்றும் இலவசம்.

ஒரு வேறுபாட்டைக் கவனித்தேன். வீடியோ பார்த்து முடித்தபின் "என்ன புரிந்தது?" என்று கேட்டால், என் மகன் "நன்றாக இருந்தது" என்பான். ஸ்கிராட்ச்சில் ஒரு பூனையைச் சதுரமாக நடக்க வைத்த அன்று, நான்கு முறை 90 டிகிரி திரும்ப வேண்டும் என்று அவனே எனக்கு விளக்கினான். பார்க்கும் நேரத்தைவிடச் செய்யும் நேரம் அதிகமாக இருக்கட்டும்.

4. மைக்கும் சார்ட்டும்

தமிழ் வாசிப்புக்கு நான் பயன்படுத்துவது விண்டோஸ் 11இல் உள்ள சவுண்ட் ரெக்கார்டர். சிவப்பு பட்டனை அழுத்தி, ஒரு பத்தியை வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு போட்டுக் காட்டுங்கள். ல, ள, ழ குழப்பத்தை நாம் பத்து முறை திருத்தினால் பிள்ளைக்குக் கோபம் வரும். தன் குரலைத் தானே கேட்டால், தானே திருத்திக்கொள்ளும்.

அறிவியலுக்கு லிப்ரே ஆபீஸ் கால்க். என் மகள் இரண்டு டம்ளர்களில் பச்சைப்பயறு விதைத்தாள். ஒன்று ஜன்னல் ஓரம், மற்றது இருட்டு அலமாரியில். முதல் காலத்தில் நாள் 1, நாள் 2 என்றும், அடுத்த இரண்டு காலங்களில் செடிகளின் உயரத்தையும் டைப் செய்தாள். மூன்று காலங்களையும் செலக்ட் செய்து, இன்சர்ட் மெனுவில் சார்ட், அதில் லைன், பிறகு பினிஷ். கோடுகள் வந்துவிட்டன. இருட்டில் இருந்த செடியின் கோடுதான் மேலே இருந்தது! "அப்படியானால் செடிக்கு வெயில் வேண்டாமா அம்மா?" என்று கேட்டாள்.

இரண்டு டம்ளர்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். இருட்டுச் செடி வெளிறி, தண்டு மெலிந்து சாய்ந்திருந்தது. வெளிச்சத்தைத் தேடி உயரமாக வளர்ந்திருக்கிறதே தவிர, அதற்குப் பலம் இல்லை. மறுநாள் இலையின் நிறத்துக்கும் தனிக் காலம் சேர்த்தாள். நாம் அளந்து கொடுத்ததை மட்டுமே கம்ப்யூட்டர் வரையும். எதை அளக்க வேண்டும் என்று யோசிப்பது நம் வேலை.

5. எல்லாவற்றையும் சேமியுங்கள்

ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு ஃபோல்டர் போடுங்கள். பைல் பெயரில் தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதுங்கள். உதாரணமாக 2025-07-14. பெயர்ப்படி அடுக்கும்போது இவை தானாகவே கால வரிசையில் நிற்கும். 14-07-2025 என்று எழுதினால் எல்லா மாதத்துப் 14ஆம் தேதிகளும் ஒன்றாகச் சேர்ந்துவிடும். மாதம் ஒரு முறை பென் டிரைவில் ஒரு காப்பி எடுத்து வையுங்கள். ஜனவரியில் வாசித்த ஒலியையும் ஜூனில் வாசித்த ஒலியையும் அடுத்தடுத்துக் கேட்டால், அதுதான் எங்கள் வீட்டு ரேங்க் கார்டு.

அடுத்தது என்ன?

வீட்டில் படிக்கும் பிள்ளைகள் 14 வயது நிறைந்ததும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் பத்தாம் வகுப்பில் சேரலாம். 1989இல் தொடங்கிய இந்த மத்திய அரசு அமைப்பில் குறைந்தது ஐந்து பாடங்கள் எடுக்க வேண்டும். டேட்டா என்ட்ரி ஆபரேஷன்ஸ் என்ற கம்ப்யூட்டர் பாடமும் உண்டு. என் மகளுக்கு இன்னும் இரண்டு ஆண்டுகள் இருக்கின்றன.

நீங்கள் இந்த வாரம் ஒன்று செய்யுங்கள். பிள்ளையை ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லி ரெக்கார்ட் செய்து, தேதியிட்டுச் சேமியுங்கள். கம்ப்யூட்டர் முன் இரண்டு நாற்காலிகள் போடுங்கள். ஒன்று பிள்ளைக்கு, இன்னொன்று உங்களுக்கு.