கைமாற்றுக் கடனும் மூன்றாண்டுக் கெடுவும்

விதைக்கும் உரத்துக்கும் அண்டை வீட்டாரிடம் கடன் வாங்காத உழவர் நம்முள் சிலரே. அறுவடையில் தருவதாகச் சொல்வர். கொடுத்தவரும் தாட்சண்யத்தால் கேளாதிருப்பர். ஆண்டுகள் ஓடிவிடும். கேட்டபோது தருவதாக எழுதிய பிராமிசரி நோட்டுக்கு, 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டப்படி, எழுதிய தேதியிலிருந்து 3 ஆண்டே கெடு. அதன்பின் தொடுத்த தாவா தள்ளுபடியாகும்; கடன் மெய்யென்று ஊரே சாட்சி சொன்னாலும் பயனில்லை.

வாய்ச்சொல்லால் கெடு நீளாது. கெடு முடியுமுன் கடன்பட்டவர் ஒரு தொகையைச் செலுத்தி, நோட்டின் பின்புறம் அவ்வரவுக்குக் கையொப்பமிட்டால், செலுத்திய நாள் முதல் மீண்டும் 3 ஆண்டு கிடைக்கும். கொடுத்தவர் தாமே வரவு எழுதிக்கொண்டு, கையொப்பம் பெறாது விடுவதை நாம் அடிக்கடி காண்கிறோம். அது செல்லாது.

கோர்ட்டுக்குச் செல்ல மனமில்லாதோர் வட்டச் சட்டப்பணிகள் குழுவில் மனுச் செய்து, மக்கள் நீதிமன்றத்தில் பேசித் தீர்க்கலாம். கட்டணமில்லை. இருவரும் ஒப்பிய தீர்வு டிக்கிரிக்குச் சமம். அதன்மேல் அப்பீல் கிடையாது. ஆதலால் தொகையையும் தவணையையும் படித்தறிந்தே கையொப்பமிடல் வேண்டும். பேச்சு நடப்பதால் மட்டும் கெடு நிற்பதில்லை. எனவே, பஞ்சாயத்து அங்கத்தினர் தம்மிடம் வருவோரிடம் முதலில் நோட்டின் தேதியைக் கேட்பாராக.